ஏழு பேரும் போன பிறகு

(மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையில் நடந்த இரண்டு நாள் உறுப்பினர் வகுப்பில், திரைப்படம் காட்டிய மறுநாள் காலை ஆற்றிய உரை.)

தோழர்களே, தாய்மாரே, தம்பி தங்கைகளே,

 நேற்று இரவு இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்தோம். வாவிக் காற்று அடிக்கும்போதெல்லாம் துணி புடைத்து, குதிரைகள் எல்லாம் வயிறு வீங்கி ஓடின. சின்னப் பிள்ளைகள் அதற்கே சிரித்தார்கள். வசனம் ஆங்கிலத்தில் இருந்ததால் இடையிடையே நிறுத்தித் தமிழில் சொன்னோம். சில இடங்களில் நாங்கள் சொல்வதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

காலையில் தேநீர் குடிக்கும்போது ஒரு அண்ணன் கேட்டார்: "சங்க வகுப்பில் என்னத்துக்கு ஒரு கௌபாய் படம்? சம்பளச் சட்டத்தைப் பற்றிப் பேசியிருக்கலாமே?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தப் பேச்சு. நாங்கள் சினிமா விமர்சகர்கள் இல்லை. படம் பார்த்தவர்கள் என்ற முறையில் எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்கிறோம். பிழை என்று பட்டால் பின்னால் எழுந்து சொல்லுங்கள்.

படத்தின் பெயர் 'தி மெக்னிபிசன்ட் செவன்'. 1960இல் வந்தது. இயக்கியவர் ஜோன் ஸ்டேர்ஜஸ். மொட்டைத் தலையோடு கறுப்பு உடுப்பில் வந்தவர் யூல் பிரின்னர். கதை அமெரிக்காவில் பிறந்ததல்ல. ஜப்பானில் அகிரா குரோசாவா 1954இல் எடுத்த 'ஏழு சாமுராய்' படத்தைத்தான் குதிரையில் ஏற்றி மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு 1975இல் இந்தியில் 'ஷோலே' வந்தது. ஊரார் தானியத்துக்காகக் கொள்ளைக்காரன் வருவதும், அவனை எதிர்க்கக் கூலிக்கு ஆள் பிடிப்பதும் அதிலும் உண்டு. தமிழிலும் கர்ணன் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றிப் படங்கள் எடுத்தார். தோட்டத்து மைதானத்தில் திரை கட்டிப் படம் பார்த்த காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

ஒரே கதை ஜப்பானிலும் மெக்சிகோவிலும் இந்தியாவிலும் பொருந்துகிறது என்றால் காரணம் இருக்கவேண்டும். எங்கே ஒருவன் விளைவித்து இன்னொருவன் அள்ளிக்கொண்டு போகிறானோ, அங்கெல்லாம் இந்தக் கதை நடக்கும். படுவான் என்றால் சூரியன் படும் பக்கம், மேற்கு. அந்தக் கணக்கில் நேற்றுப் பார்த்ததும் ஒரு படுவான்கரைக் கதைதான்.

முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். கல்வேரா என்ற கொள்ளைத் தலைவன் ஊருக்குள் வருகிறான். வந்தவுடன் சுடவில்லை. ஊர்க் கடைக்காரனோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டே தன் கஷ்டத்தைச் சொல்கிறான். காலம் கெட்டுப் போச்சு, செலவு கூடிப் போச்சு, தன்னை நம்பி இத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சோறு போடவேண்டாமா என்று புலம்புகிறான். ஊர் பட்டினியால் சாகாத அளவுக்கு விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டு போகிறான். அடுத்த வருஷம் விதைக்க ஆள் வேண்டுமே!

இந்த இடத்தில் மலையிலிருந்து வந்த நம் ஆட்கள் எல்லோரும் சிரித்தீர்கள். ஏன் சிரித்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் நாம் கேட்கிற பேச்சும் அதுதான். உலகச் சந்தையில் தேயிலை விலை இறங்கிவிட்டது, உற்பத்திச் செலவு ஏறிவிட்டது, கம்பனி நட்டத்தில் ஓடுகிறது. விலை ஏறிய வருஷத்தில் அந்தப் பேச்சு வராது. ஆயிரம் ரூபாய் கேட்டுத் தோட்டம் தோட்டமாகக் கூட்டம் போட்டோம், கொழும்பு வரைக்கும் போய்க் குரல் கொடுத்தோம். அது 2021 மார்ச்சில், சம்பளச் சபை மூலம்தான் வந்தது. வந்து சேர்ந்தபோது ஆயிரத்தின் பெறுமதியைச் சாமான் விலை தின்றுவிட்டிருந்தது.

இந்தக் கரையில் வயல் செய்கிறவர்களும் சிரித்தீர்கள். போடியார் காலத்து முல்லைக்காரர் கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். விதைத்ததும் காவல் இருந்ததும் வெட்டியதும் சூடு அடித்ததும் ஒருவர். களத்தில் நெல் பங்கு பிரியும்போது கடனும் வட்டியும் கழிந்து அவர் கைக்கு வந்தது கொஞ்சம். கொழுந்துக்கும் நெல்லுக்கும் இடையில் பல மைல் இருக்கலாம். கணக்குப் பார்க்கிற முறை ஒன்றுதான்.

சரி, இப்போது படத்தில் எங்களுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று சொல்கிறோம்.

முதலில் பிடித்தது, அந்தச் சவ வண்டிக் காட்சி. கல்வேராவை எதிர்க்க வழி தேடி மூன்று விவசாயிகள் எல்லைப்புறப் பட்டணத்துக்கு வருகிறார்கள். அங்கே தெருவில் ஒரு செவ்விந்தியன் செத்துக் கிடக்கிறான். அடக்கத்துக்கு வழிப்போக்கன் ஒருவன் காசு கொடுக்கிறான். ஆனால் நம் மயானத்தில் அவனைப் புதைக்க விடமாட்டோம் என்று பட்டணத்தார் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். யூல் பிரின்னரும் ஸ்டீவ் மக்குயினும் வண்டியில் ஏறி அந்தப் பிணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். கூலி கேட்கவில்லை. செத்த பிறகும் ஒரு மனுஷனுக்கு ஆறடி மண் மறுக்கப்படுவது என்ன என்று நமக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க வேலை செய்த மண்ணில் வீட்டுக்கு ஒரு துண்டு நிலமோ உறுதிப் பத்திரமோ இல்லாதவர்கள் நாம். விவசாயிகள் அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் இவர்களை நம்புகிறார்கள். சுடுவதில் கெட்டிக்காரன் என்று பார்த்து நம்பவில்லை. செத்தவனுக்கு மரியாதை கொடுத்தவன் என்று பார்த்து நம்புகிறார்கள்.

இரண்டாவது, கூலி விஷயம். விவசாயிகள் ஆள் பிடிக்க வரவில்லை, துப்பாக்கி வாங்கத்தான் வந்தார்கள். துப்பாக்கி விலை அதிகம், இந்தக் காலத்தில் ஆள்தான் மலிவு என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அந்த வசனத்தை நாங்கள் தமிழில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஆள் மலிவு என்பதால்தான் நம்முடைய பாட்டன் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்தார்கள். ஆறு கிழமை வேலைக்கு ஆளுக்கு இருபது டொலர். அந்தக் காசைச் சேர்க்க ஊரில் பெறுமதியான எல்லாவற்றையும் திரட்டினார்கள். கிழவர் தன்னுடைய கடிகாரத்தையே கொடுத்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறோம்.

மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியம். அதைச் சொல்ல எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

இந்தப் படத்தை முதலில் பார்த்தது நாங்களும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும். பாடம் முடிந்த ஒரு பின்னேரம், மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். படத்தில் ஊர்ப் பையன்கள் சிலர், சார்ள்ஸ் பிரான்சன் நடித்த ஓரைலி என்ற துப்பாக்கிக்காரனிடம் ஒட்டிக்கொள்கிறார்கள். எங்கள் அப்பாமார் கோழைகள், எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, உன்னோடு வந்துவிடுகிறோம் என்கிறார்கள். ஓரைலி அந்தப் பையனைப் பிடித்து மடியில் கவிழ்த்து அடிக்கிறான். பிறகு சொல்கிறான்: துப்பாக்கி வைத்திருப்பதால் நான் தைரியசாலி இல்லை. உன் அப்பா உன்னையும் உன் தாயையும் தம்பி தங்கைகளையும் ஒரு பெரிய பாறையைப் போல முதுகில் சுமக்கிறான். அந்தப் பாரம் அவனை மண்ணுக்குள் அழுத்தும் வரைக்கும் சுமப்பான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை, பாசத்தால் செய்கிறான். அந்தத் தைரியம் எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

படம் முடிந்ததும் பிள்ளைகள் துப்பாக்கிச் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு பையன் மட்டும் போகாமல் நின்றான். "சேர், எங்கப்பா அப்படி இல்ல. துரை பேசினா தலைய சொறிஞ்சிக்கிட்டு நிப்பாரு. நான் பாத்திருக்கேன்" என்றான். இந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போகப் போவதாகவும் சொன்னான். தோட்டத்தில் இருந்தால் அப்பாவைப் போல ஆகிவிடுவேன் என்பது அவனுடைய பயம்.

அந்த அப்பாவை எங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிலோ குறைவு என்று சொல்லி ஒரு மலையில் பறித்த பெண்கள் எல்லோருக்கும் அரைப்பேர் போட்டார்கள். மழையில் நனைந்து பறித்த கொழுந்து. முறைப்பாடு எழுதினோம். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது முன்னால் வந்தவர் அவர்தான். அவருடைய மனைவி அந்த மலையில் பறிக்கவே இல்லை. அதற்குப் பிறகு பல மாதம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வேலை கிடைக்கவில்லை. பெண்களுக்கு முழுப்பேர் திரும்பக் கிடைத்தது. வீட்டில் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகன் கண்டது தலையைச் சொறிந்துகொண்டு நின்ற அப்பாவை மட்டும்தான்.

அன்று அந்தப் பையனிடம் இதைச் சொன்னோம். அவன் நம்பவில்லை. முறைப்பாட்டின் பிரதியை எடுத்துக் காட்டினோம். முதல் கையெழுத்தை விரல் வைத்துப் பார்த்தான். "ஏன் சேர் எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டான். எங்களிடம் பதில் இல்லை. பையன் இப்போதும் வகுப்புக்கு வருகிறான். கொழும்புக்குப் போகவே மாட்டான் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. போனாலும் அப்பாவைக் கோழை என்று நினைத்துக்கொண்டு போகமாட்டான்.

ஆகவே இந்தப் படத்தை நாங்கள் சிபாரிசு செய்வது குதிரைக்காகவும் துப்பாக்கிக்காகவும் இல்லை. இந்த ஒரு காட்சிக்காக.

இனி, பிடிக்காதவை.

அந்த ஊர் விவசாயிகள் எல்லோரும் படம் முழுக்க வெள்ளை வெளேர் என்ற உடுப்பில் இருந்ததைக் கவனித்தீர்களா? மண் தோண்டுகிறார்கள், சுவர் கட்டுகிறார்கள், ஒரு அழுக்கு இல்லை. காரணம் இருக்கிறது. முன்பு வந்த ஒரு அமெரிக்கப் படம் மெக்சிகோக்காரரை இழிவாகக் காட்டியதென்று அங்கே கோபம் எழுந்திருந்தது. அதனால் இந்தப் படத்தை மெக்சிகோவில் எடுத்தபோது அந்நாட்டுத் தணிக்கை அதிகாரிகள் கூடவே நின்றார்கள். ஊரார் சுத்தமாக இருக்கவேண்டும் என்றார்கள். எடுத்தவுடன் அமெரிக்கனைக் கூலிக்குப் பிடிக்கப் போகக்கூடாது, துப்பாக்கி வாங்கத்தான் போகவேண்டும் என்றும் சொன்னார்கள். அவர்களுடைய மான உணர்ச்சி நமக்குப் புரிகிறது. ஆனால் உடுப்பை வெளுத்துவிட்டால் மரியாதை வந்துவிடுமா? தேயிலைப் பைக்கட்டுகளில் நம் பெண்களின் படத்தைப் பாருங்கள். சலவைச் சேலை, நெற்றியில் பொட்டு, முகம் நிறையச் சிரிப்பு. படங்குச் சாக்கு இல்லை, அட்டைக்கடி இல்லை. மெக்சிகோக் கொள்ளைத் தலைவனாக நடித்த ஈலை வொலக் ஒரு அமெரிக்கர். மெக்சிகோ இளைஞன் சிக்கோவாக நடித்த ஹோர்ஸ்ட் புக்ஹோல்ட்ஸ் ஜேர்மன்காரர். வெள்ளை உடுப்பு ஊராருக்கு, பெரிய வேஷங்கள் வேறு ஆட்களுக்கு.

அடுத்தது பெண்கள். ஏழு பேர் ஊருக்குள் வந்தபோது பெண்களை ஒளித்து வைத்திருந்தார்கள். கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சமைக்கிறார்கள், பரிமாறுகிறார்கள், ஒருத்தி காதலிக்கிறாள். ஊரைக் காப்பதா விட்டுக்கொடுப்பதா என்று பேசும்போது ஒரு பெண்ணிடமும் கேட்கவில்லை. இதைப் பார்த்து அமெரிக்காக்காரனைத் திட்டுவது சுலபம். நம்முடைய தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சம்பளம் பேச மேசைக்குப் போகிறவர்கள் யார்? ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது. அது யாரும் மனமிரங்கிக் கொடுத்ததில்லை, வேலைநிறுத்தத்தின் பின் வந்தது. அந்த வேலைநிறுத்தத்தில் மலையில் நின்ற பெண்களின் பெயர்கள் நம் சங்கப் புத்தகங்களில் எத்தனை இருக்கின்றன?

மூன்றாவது பிடிக்காத விஷயத்தை இந்தக் கரையில் நின்று பேசுவது கஷ்டம். ஆனாலும் பேசவேண்டும். முதல் சண்டைக்குப் பிறகு ஊரார் பயந்துபோகிறார்கள். போதும், விட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்போது காப்பாற்ற வந்த யூல் பிரின்னர், விட்டுக்கொடுப்பதைப் பற்றி முணுமுணுக்கிற முதல் ஆளின் தலையைச் சிதறடிப்பேன் என்கிறார். அந்த இடத்தில் முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா சொன்னார்: "அப்ப இவனும் அவன்தானே மனே?"

நாங்கள் படத்தை நிறுத்தினோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வாவியில் ஒரு தோணி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அம்மாவுக்கு விளக்கம் தேவையில்லை. இந்தக் கரையில் எத்தனை நிறத்து உடுப்பில் துப்பாக்கி வந்தது! ஒவ்வொன்றும் உங்களைக் காப்பாற்ற வந்தோம் என்றது. ஒவ்வொன்றுக்கும் சோறு கொடுத்தோம், நெல் கொடுத்தோம், சில வீடுகள் பிள்ளையைக் கொடுத்தன. 1987 சனவரியில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து இறால் பண்ணையில் கொல்லப்பட்டவர்கள் வேலைக்குப் போன தொழிலாளர்கள். கையில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அல்ல. 1977இலும் 1983இலும் மலையில் அடி வாங்கி, இங்கே போனால் பிழைக்கலாம் என்று வந்து குடியேறிய நம் குடும்பங்கள் இங்கேயும் இரண்டு துப்பாக்கிக்கு நடுவில்தான் காடு வெட்டினார்கள். படத்தில் சிக்கோ ஒரு உண்மையைச் சொல்கிறான். அவனும் விவசாயி மகன்தான், அதை மறைத்துக்கொண்டு திரிகிறவன். இந்த மனுஷர்களை இப்படிப் பயந்தவர்களாக ஆக்கியது யார்? துப்பாக்கி வைத்திருக்கிற ஆட்கள். கல்வேரா மட்டுமில்லை, நீங்களும், இப்போது நானும் என்கிறான். படம் அந்த உண்மையைச் சொல்லிவிட்டு, பிறகு மறந்துவிடுகிறது. கடைசிச் சண்டையில் அதே துப்பாக்கிதான் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிறது.

ஆனாலும் அந்தக் கடைசிச் சண்டையில் ஒன்று நடக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள். கடைக்காரன் காட்டிக்கொடுத்ததால் கல்வேரா ஊரைப் பிடித்துக்கொள்கிறான். ஏழு பேரையும் வெளியே அனுப்பிவிடுகிறான். அவர்கள் திரும்பி வந்து சண்டை பிடிக்கும்போது, ஊரார் கதிரையையும் கோடரியையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். அதுவரைக்கும் ஒளிந்திருந்தவர்கள்தான். அவர்கள் வெளியே வந்த பிறகுதான் கொள்ளைக்காரர் ஓடுகிறார்கள். ஏழு பேரில் நான்கு பேர் செத்துப்போகிறார்கள். மூன்று பேர் மிச்சம். அதிலும் சிக்கோ துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஊரோடு தங்கிவிடுகிறான். வென்றவர்கள் விவசாயிகள் மட்டும்தான், நாங்கள் எப்போதும் தோற்கிறவர்கள் என்று சொல்லிவிட்டு மற்ற இருவரும் போகிறார்கள். ஓரைலியின் புதைகுழியில் அந்தச் சின்னப் பையன்கள் பூ வைக்கிறார்கள்.

எங்கள் அபிப்பிராயத்தில், படம் தொடங்கவேண்டிய இடம் அது. ஏழு பேரும் போய்விட்டார்கள். அடுத்த அறுவடைக்கு இன்னொரு கல்வேரா வருவான். அப்போது என்ன செய்வது? அதைப் படம் சொல்லவில்லை. நம் சொந்தக் கதையில்தான் தேடவேண்டும்.

நம்முடைய கதையிலும் உயிர் கொடுத்தவர்கள் உண்டு. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பிரித்துக்கொடுக்கக் கூடாதென்று நடந்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். இவர்கள் கூலிக்கு வந்தவர்கள் இல்லை. குதிரையில் வந்தவர்களும் இல்லை. லயத்துக் காம்பராவில் பிறந்து, பெரட்டுக்களத்தில் நின்று, நம்மோடு கொழுந்து சுமந்தவர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1948இல் பிரஜாவுரிமை போனது. அடுத்த நாற்பது வருஷம் எத்தனை ஒப்பந்தங்கள், எத்தனை கப்பல்கள். 1986 சனவரியில் நம்முடைய ஆட்கள் துப்பாக்கி எடுக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகாமல் கோயிலில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்தார்கள். தோட்டம் தோட்டமாக உட்கார்ந்தார்கள். நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்க அந்த வருஷமே சட்டம் வந்தது. பிரார்த்தனை செய்வது கோழைத்தனம் என்று கல்வேரா நினைத்திருப்பான். அவன் கணக்கில் நாம் ஆடுகள். கத்தரிக்கப்படுவதற்கென்றே கடவுள் படைத்த ஆடுகள் என்று படத்தில் அவன் சொல்கிறான். ஆனால் எல்லா ஆடும் ஒரே காலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கத்தரிக்கிறவனுக்கு வேலை இல்லை.

இந்தக் கரையிலும் அப்படித்தான். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023இல் சித்தாண்டியில் பந்தல் போட்டு உட்கார்ந்த பாற்பண்ணையாளரை நீங்கள் அறிவீர்கள். கௌபாய் படங்களில் மாடு வைத்திருப்பவன் பெரிய பணக்காரன், துப்பாக்கியும் அவனிடம்தான். இங்கே பட்டி வைத்திருப்பவன் கையில் ஒரு தடி. மாடு வெட்டுப்பட்டு வந்தாலும் அவன் திருப்பி வெட்டவில்லை. வீதியோரத்தில் நாள் கணக்காக, மாதக் கணக்காக உட்கார்ந்தான். எந்தப் படக்காரனும் அதை எடுக்கமாட்டான், குதிரை ஓடாத படத்துக்கு யார் வருவார்கள்?

தோழர்களே, முன்பு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, அந்த இருபது டொலரும் கடிகாரமும். அதைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளவேண்டியது. நம்முடைய சங்கப் பத்திரிகையிலும் இதை அப்படியே போடும்படி கேட்டிருக்கிறோம்.

நாமும் மாதாமாதம் சந்தா கொடுக்கிறோம். செக்ரோலில் கழிந்துபோவதால் கையால் கொடுத்த மாதிரித் தெரிவதில்லை. அந்த ஊரார் கடிகாரத்தைக் கொடுத்தபோது அது எதற்கு என்று தெரிந்து கொடுத்தார்கள். நமக்குத் தெரியுமா? படத்தில் இன்னொரு காட்சி இருந்தது. ஏழு பேருக்கும் நல்ல சாப்பாடு பரிமாறுகிறார்கள். ஊரார் அவரையையும் ரொட்டியையும் மட்டும் தின்றுகொண்டு தங்களுக்கு இதைத் தருகிறார்கள் என்று தெரிந்தவுடன், அவர்கள் தங்கள் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். கூலிக்கு வந்த துப்பாக்கிக்காரனுக்கு இருந்த அந்தக் கூச்சம், சந்தாவில் ஓடுகிற நம் வாகனங்களுக்குள் இருக்கிறவர்களுக்கும் இருக்கவேண்டும். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

சம்பளப் பேச்சு வருகிறபோது மட்டும் குதிரை ஏறி வந்து, மாலை வாங்கி, மேடையில் கர்ஜித்துவிட்டு, அடுத்த பேச்சுவார்த்தை வரைக்கும் காணாமல் போகிற தலைமை நமக்கு வேண்டாம். அவர்களை நல்லவர்கள் கெட்டவர்கள் என்று பிரிக்கவேண்டியதில்லை. ஏழு பேரும் நல்லவர்கள்தான். ஆனால் போகிறவர்கள். இருக்கப்போகிறவர்கள் நாம்.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று. இது ஒன்றும் பெரிய புரட்சி இல்லை.

ஒன்று, உங்கள் தோட்டக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் சந்தாக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு போனது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். கேட்பவரைத் துரோகி என்று யாராவது சொன்னால், நேற்று அந்த அம்மா சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, மாதர் சங்கத்தைத் தேநீர் ஊற்றுவதற்கும் ஊர்வலத்தில் முன்னால் நிற்பதற்கும் மட்டும் கூப்பிடாதீர்கள். கிலோ கணக்கைப் பற்றித் துரையிடம் பேசப் போகும்போது, அந்தக் கொழுந்தைப் பறித்தவர் ஒருவர் கட்டாயம் கூடப் போகவேண்டும்.

மூன்று, வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, நீங்கள் ஒரு நாள் பயந்துகொண்டே செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். முதல் கையெழுத்துப் போட்டதாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்காகச் சாட்சி சொன்னதாக இருக்கலாம், இரவோடு இரவாக மூட்டை கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்ததாக இருக்கலாம். வெட்கப்படாமல் சொல்லுங்கள். பயந்ததையும் சேர்த்தே சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எவ்வளவு சொன்னாலும் அது பாடம்தான். நீங்கள் சொன்னால்தான் அது அவர்களுடைய கதை.

மலைக்குப் போகிற பஸ் பதினொரு மணிக்கு. அதற்கு முன்னால் யாராவது பேச விரும்பினால் முன்னுக்கு வாருங்கள். அந்த அம்மாவை முதலில் பேச விடுவோம்.